கார்டில் காணாமல் போன வரி

அத்தியாயம் 6

தாசையன் உட்கார மறுத்தார். அட்டக்குளங்கரையில் குடைக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் நின்றபடியே மேஜையை ஓங்கித் தட்டினார். துப்பறியும் நிபுணர் தாணுவின் டீ தம்ளர் ஒரு அங்குலம் நகர்ந்தது.

"எனக்கத் தம்பி செத்து நாலு நாளாச்சு. நீரு இங்க டீ குடிச்சிட்டு இருக்கேரு."

"ஆறின டீதான்" என்றாள் பொன்னம்மை. தாணுவின் உதவியாளர். பன்னிரண்டு வருடம் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்து, சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசி வெளியே வந்தவள். அந்த ஒரு வார்த்தை என்ன என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தாசையன் அவளைப் பார்க்கவேயில்லை. சாலைக்கடைத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் குரலைக் கேட்டே கடைச் சிப்பந்திகள் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எஸ்.ஐ. அந்த ராஜபாயை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள உம்ம ரிப்போர்ட் என் கையில இருக்கணும். அவ வேணும்னே செய்தாள்னு நீரு எழுதித் தரணும்."

"வேணும்னே செய்தாளான்னு பார்த்துட்டு எழுதறேன்" என்றார் தாணு.

"பார்க்கதுக்கு என்னவே இருக்கு?"

பார்ப்பதற்கு உண்மையில் அதிகம் இல்லை. ராஜையன், முப்பத்திரண்டு வயது, எலெக்ட்ரிக் வேலை. காலில் ஆணி குத்தி வீங்கிப்போய், திங்கட்கிழமை காலை ஜகதியில் உள்ள கோகிலவல்லி நர்சிங் ஹோமில் சேர்ந்தான். பென்சிலின் அவன் உடம்புக்கு ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை சாகப் பிழைக்கக் கிடந்தவன். அதை அவன் ரெக்கார்ட் ரூமில் வேலை பார்த்த ராஜபாயிடம் சொன்னான். சொல்லிவிட்டு வந்து அண்ணனிடமும் சொன்னான்: 'பென்சிலின் விஷயம் ராஜபாய்ட்ட சொல்லியாச்சு.'

பதினொன்றரை மணிக்கு நர்ஸ், கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். 'அலர்ஜி' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. டாக்டர் சொன்னபடி பென்சிலின் ஊசிக்குத் தயார் செய்தாள். முழு ஊசி போகவேண்டிய தேவையே வரவில்லை. சோதனைக்காகத் தோலில் போடும் துளி மருந்திலேயே ராஜையனுக்கு மூச்சு அடைத்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு முன் உயிர் போய்விட்டது.

"ரெண்டு வருசம் முன்னாடி அவளை எனக்கத் தம்பிக்குக் கேட்டு வந்தாவ. நான் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தப் பகையாக்கும். தம்பி கையில வந்து மாட்டினான், அவ எழுதாம விட்டுட்டா. கொலைதான் வே இது."

அவர் படியிறங்கும் சத்தம் கீழே குடைக்கடை வரை அதிர்ந்தது.

"நல்ல மனுஷர்" என்றாள் பொன்னம்மை. "இவருக்கு டெலிபோன் எதுக்கு? மொட்டை மாடியில நின்னு பேசினாலே நாகர்கோவிலுக்குக் கேட்கும்."

தாணு செருப்பை மாட்டினார். "வா, ராஜபாயைப் பார்ப்போம்."

* * *

கரமனையில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டு. கதவு பாதிதான் திறந்தது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, தூங்காத கண்களோடு கதவிடுக்கில் நின்றாள்.

"நீங்க தாசையன் அனுப்பின ஆள்தானே. போலீஸ்கிட்ட சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்வேன். போங்க."

"போலீஸ்கிட்ட என்ன சொன்னே?"

"பென்சிலின்னு டைப் பண்ணினேன். என் கையால பண்ணினேன். கம்ப்யூட்டர்ல அது இல்லைங்கறாங்க. நான் பொய் சொல்றேன்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. நீங்களும் பண்ணிக்கலாம்."

கதவு மூட வந்தது. பொன்னம்மை நடுவில் தன் குடையை நுழைத்தாள்.

"மகளே, ஒரு நிமிஷம். இந்தக் குடை கீழ்க்கடையில இரவல் வாங்கினது, உடைச்சிடாதே. வேற என்ன டைப் பண்ணினே, அதை மட்டும் சொல்லு. அப்புறம் நாங்க போறோம்."

ராஜபாய் யோசித்தாள். கோபத்தில்கூடப் பதிலை ஒழுங்காகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இருந்தது.

"ரெண்டு விஷயம். ஒண்ணு பென்சிலின். இன்னொண்ணு பேரு. அட்மிஷன் கவுன்டர்ல வேலப்பன் சேட்டன் 'ராஜப்பன்'னு அடிச்சு வச்சிருந்தார். காதில விழுந்தது அப்படி. எனக்கு அவரைத் தெரியும் இல்லையா, அதனால 'ராஜையன்'னு திருத்தினேன். ரெண்டையும் சேர்த்துத்தான் சேவ் பண்ணினேன். அப்புறம் எக்ஸ்ரேக்கு ஒரு சீட்டு அச்சடிச்சு அனுப்பினேன். போலீஸ் போய்க் கேட்டதுக்கு, எக்ஸ்ரே ரூம்ல அப்படி ஒரு சீட்டே இல்லையாம்."

தாணு தன் பையிலிருந்து கேஸ் ஷீட்டின் நகலை எடுத்தார். அதை இதற்கு முன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் 'அலர்ஜி' என்ற வரிக்கே கண் போயிருந்தது. இப்போது முதல் வரியைப் பார்த்தார்.

ராஜப்பன். தனி அறை 9. அலர்ஜி: இல்லை.

"பேரும் பழையபடி ஆயிருக்கு" என்றார்.

ராஜபாய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளிடம் யாரும் இதுவரை அதைக் காட்டியிருக்கவில்லை. "இது நான் திருத்தினதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல இருந்த கார்டு" என்றாள் மெல்ல. "ஆனா அப்போ பதினாலாம் நம்பர் கட்டில்னு இருந்தது. அறை ஒன்பது இல்லை."

வெளியே வந்ததும் தாணு ஆட்டோவைக் கூப்பிடாமல் அப்படியே நின்றார்.

"பொன்னம்மை, ஒருத்தனைக் கொல்லணும்னு பென்சிலின் வரியை அழிக்கிறவ, அவன் பேரையும் மறுபடி தப்பா மாத்தி வைப்பாளா?"

"பேரை மாத்தினா எமன் ஆள் தெரியாம திரும்பிப் போயிடுவான். கொலைகாரிக்கு அது நஷ்டம் இல்லையா, அண்ணாச்சி."

"யாரும் எதையும் அழிக்கலை. பழைய கார்டு முழுசா திரும்பி வந்திருக்கு. அறை நம்பர் மட்டும் புதுசு. எப்படி வந்ததுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு முன்னாடி எக்ஸ்ரே ரூம்."

* * *

கோகிலவல்லி நர்சிங் ஹோமின் வாசலில், 'முழுவதும் கம்ப்யூட்டர் மயமாக்கப்பட்ட மருத்துவமனை, 1986' என்று பெயிண்ட் காயாத பலகை இருந்தது. உள்ளே நுழைந்தவர்களை நிர்வாகி பகவதிப்பெருமாள் வராந்தாவிலேயே மறித்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரிப்பில்லாத முகம்.

"போலீஸுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சு. பிரைவேட் ஆட்களுக்கு இங்க அனுமதி இல்லை."

"செத்தவரோட அண்ணனுக்காக வந்திருக்கோம். அவரை இங்க வரச் சொல்லட்டுமா?" என்றார் தாணு.

பகவதிப்பெருமாளுக்கு அந்த அண்ணனைத் தெரிந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் மலையாளப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார். "போலீஸ் வந்து சோதிச்சதல்லே. ராஜப்பன் என்ற பேரில் சீட்டு ஒண்ணும் வந்நிட்டில்ல."

"ராஜையன் என்ற பேரில் வந்ததா?" என்று கேட்டார் தாணு.

அவர் பத்திரிகையை மடித்தார். குத்தூசியில் கோத்திருந்த சீட்டுக் கட்டை எடுத்துப் புரட்டினார். திங்கட்கிழமைச் சீட்டுகளில் நாலாவது.

"உண்டு. ஆளு வந்நில்ல. அதுகொண்டு படம் எடுத்தில்ல."

தாணு சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ராஜையன். கட்டில் 14. எக்ஸ்ரேக்கு முன் மருந்து செலுத்த நேர்ந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதிலும் அலர்ஜி என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் 'பென்சிலின்'. அச்சான நேரம் 10.49.

பகவதிப்பெருமாள் கையை நீட்டினார். "அது ஆஸ்பத்திரி ரெக்கார்ட். கொடுங்க."

சீட்டு அதற்குள் பொன்னம்மையின் ரவிக்கைக்குள் போயிருந்தது. "எடுத்துக்கிடுங்க" என்றாள் அவள். எக்ஸ்ரேக்காரர் மறுபடி பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இந்தச் சீட்டு சொல்லுது, பத்து நாற்பத்தொன்பதுக்குக் கம்ப்யூட்டர்ல பென்சிலின் இருந்தது" என்றார் தாணு. "பதினொண்ணு இருபதுக்கு அச்சான கேஸ் ஷீட்டில் இல்லை. நடுவில அரை மணி நேரம். அந்த அரை மணியில கார்டைத் தொட்டது யார்?"

"மெஷின்ல ஏறின விஷயம் தானா இறங்காது. அந்தப் பெண்ணே எழுதி, அவளே அழிச்சிருப்பா. சீட்டை அனுப்பினது தப்பிக்கிறதுக்காக" என்றார் பகவதிப்பெருமாள்.

"பேரை ஏன் மறுபடி ராஜப்பன்னு மாத்தினா?"

நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதே நேரம் வாசல் பக்கம் தாசையனின் குரல் கேட்டது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவர் தாமாகவே வந்திருந்தார்.

* * *

அட்மிஷன் கவுன்டரில் ஒரு திரை. முப்பதடி தள்ளி ரெக்கார்ட் ரூமில் இன்னொரு திரை. இரண்டும் உள்ளே குளிர்சாதன அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டவை. கவுன்டரில் இருந்தவர் வேலப்பன். மூக்கின் நுனியில் கண்ணாடி. தாசையனைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"வேலப்பன், திங்கட்கிழமை நீங்க ராஜையன் கார்டில என்ன செய்தீங்க?" என்றார் தாணு.

"கட்டில் மாத்தினேன் சாரே. பதினாலிலிருந்து அறை ஒன்பது. அவ்வளவுதான். வேற ஒரு எழுத்து நான் தொட்டதில்லை. என் மக்கள் மேல சத்தியம்."

"நம்பறேன். இப்ப புதுசா ஒரு கார்டு போடுங்க. பேஷன்ட் இவங்க."

"பேரு?"

"பொன்னம்மை. சரியா அடிங்க, பொன்னப்பன் ஆக்கிடாதீங்க."

"வியாதி?"

"வாய்" என்றார் தாணு.

வேலப்பன் மூன்றாம் நம்பர் கட்டில் என்று போட்டு, அலர்ஜி இல்லை என்று அடித்துச் சேமித்தார்.

"இப்ப அதே கார்டை மறுபடி திறந்து திரையில வச்சுக்குங்க. ஒண்ணும் செய்யாதீங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

எல்லோரும் ரெக்கார்ட் ரூமுக்குப் போனார்கள். ராஜபாயின் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த பெண், தாணு சொன்னபடி பொன்னம்மையின் கார்டைத் திறந்தாள். திறந்தது. எந்தத் தடையும் இல்லை. அலர்ஜி என்ற இடத்தில் 'ஆஸ்பிரின்' என்று அடித்துச் சேமித்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். ஆஸ்பிரின் இருந்தது.

"எல்லாரும் பார்த்துக்கிட்டீங்களா?"

"பார்த்தாச்சு. இது என்ன வித்தை காட்டுதேரு?" என்றார் தாசையன்.

தாணு கவுன்டருக்குத் திரும்பினார். வேலப்பனின் திரையில் பழைய கார்டு அப்படியே நின்றது. கட்டில் 3. அலர்ஜி: இல்லை. முப்பதடி தூரத்தில் நடந்தது அந்தத் திரைக்குத் தெரியவில்லை.

"இப்ப கட்டிலை மட்டும் மூணிலிருந்து அஞ்சா மாத்தி சேவ் பண்ணுங்க."

வேலப்பன் ஒரே ஒரு எண்ணை மாற்றினார். பொத்தானைத் தட்டினார்.

ரெக்கார்ட் ரூமில் கார்டை மறுபடி திறந்தபோது கட்டில் 5 என்று இருந்தது. அலர்ஜி: இல்லை.

 எல்லோரும் கவுன்டருக்குத் திரும்பினார்கள்.

"பத்து நிமிஷத்துல எனக்கு ஆஸ்பிரின் அலர்ஜி குணமாயிட்டு" என்றாள் பொன்னம்மை. "கைராசிக்கார ஆஸ்பத்திரிதான்."

தாசையன் சிரிக்கவில்லை. "எனக்குப் புரியலை. ஒழுங்காச் சொல்லும்."

பொன்னம்மை அவர் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "ஒரே கார்டை ரெண்டு பேரு திறந்திருக்காங்க. உங்க தம்பி கார்டு வேலப்பன் திரையில பழையபடியே நின்னுக்கிட்டு இருந்தது. அந்த நேரத்துல ராஜபாய் அங்க பேரைத் திருத்தி, பென்சிலினையும் எழுதிட்டா. அப்புறம் வேலப்பன் அறை நம்பரை மாத்தி சேவ் பண்ணினார். மெஷின் அறை நம்பரை மட்டும் எழுதலை. திரையில இருந்த முழுக் கார்டையும் எடுத்து அவ எழுதினது மேல எழுதிட்டு. அதோட அவ எழுதின ரெண்டு வரியும் போச்சு."

"அப்போ ராஜபாய்..."

"அவ சரியாத்தான் எழுதினா."

தாசையனின் முகம் சிவந்தது. நாலு நாளாக ஒரு பெண்ணின் மேல் வைத்திருந்த ஆத்திரத்தை இறக்கி வைக்க அவருக்கு வேறு இடம் வேண்டியிருந்தது. அது பக்கத்திலேயே இருந்தது. வேலப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அப்போ நீயாக்கும் கொன்னது. ஒரு நம்பரை மாத்தறதுக்குக் கார்டைத் திறந்து எத்தனை நேரம்டா வச்சிருந்தே? தூங்கினியா?"

"விடுங்க" என்று தாணு நடுவில் வந்தார். ஆனால் கேள்வி சரியான கேள்விதான். "சொல்லுங்க வேலப்பன். எப்போ திறந்தீங்க?"

"பத்தரை மணிக்கு."

"எப்போ சேவ் பண்ணினீங்க?"

"பதினொண்ணு அடிச்சு அஞ்சு நிமிஷம்."

"முப்பத்தஞ்சு நிமிஷம். ஏன்?"

வேலப்பன் தாணுவைப் பார்த்தார். பிறகு தன் சட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். சொல்லலாமா என்று தயங்கினார். பயம் போய்க் கோபம் வந்தது அவருக்கு.

"இவரைக் கேளுங்க சாரே. பத்தரை மணிக்கு இவர் வந்து கவுன்டர்ல கை வச்சு நின்னார். 'என் தம்பியைப் பிச்சைக்காரங்க கூட ஜெனரல் வார்டுல போடுவியா'ன்னு கேட்டார். கட்டில் மாத்தறதுக்காக அப்பவே கார்டைத் திறந்தேன். தனி அறை காலி இல்லைன்னு சொன்னேன். ரிஜிஸ்டரைப் பிடுங்கி எறிஞ்சார். எங்க அம்மையைச் சொல்லித் திட்டினார். 'அறை கிடைக்கற வரை நீ வேற எவனுக்கும் வேலை செய்யப்பிடாது, அந்தப் பெட்டியைத் தொட்டா கையை ஒடிப்பேன்'னு சொன்னார். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். நிர்வாகி சார் வந்து, யாரையோ காலி பண்ண வச்சு, ஒன்பதாம் அறையைக் கொடுத்தப்ப மணி பதினொண்ணு தாண்டியாச்சு. அப்புறம்தான் நான் பொத்தானைத் தட்டினேன்."

தாசையனின் கை சட்டையிலிருந்து தானாக நழுவியது.

"தம்பி அப்போ..." என்றார். 

அந்த முப்பத்தைந்து நிமிடங்களுக்குள்தான் ராஜையன் நொண்டிக்கொண்டே ரெக்கார்ட் ரூமுக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றிருக்கிறான். போதும் அண்ணா, ஜெனரல் வார்டே போதும் என்றுகூடச் சொல்லியிருக்கிறான். வேலப்பன் அதையும் சொன்னார்.

முதலில் பேசியது பகவதிப்பெருமாள். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மிஸ்டர் தாணு, காரணம் யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. உங்க கட்சிக்காரரேதான். தயவுசெய்து ரிப்போர்ட்ல அதை எழுதுங்க. ஆஸ்பத்திரி மேல தப்பில்லைன்னும் எழுதுங்க."

தாசையன் அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பாத்திரக்கடைக்காரரின் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆனால் பொன்னம்மை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு இடிக்குது. எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பேரு ஒரே நம்பரைக் கூப்பிட்டா ஒருத்தருக்கு எங்கேஜ் டோன் வரும். முதல் ஆளு பேசி முடிக்கற வரைக்கும் ரெண்டாம் ஆளு காத்திருக்கணும். அது இல்லாம ஒரு எக்ஸ்சேஞ்ச் ஒரு நாள் ஓடாது. இத்தனை பெரிய மெஷின் செஞ்சவனுக்கு அது தோணலையா?"

"தோணாம என்ன?" என்றார் வேலப்பன், சட்டையைச் சரிசெய்துகொண்டே. "முந்தி வரும். ஒருத்தர் கார்டைத் திறந்து வச்சிருந்தா, அடுத்தவர் திறந்தா 'இந்தக் கார்டு உபயோகத்தில் உள்ளது, காத்திருக்கவும்'னு வரும். ஜூன் மாசம்தானே அதை எடுத்தது."

"எடுத்தது யாரு?"

"வேலப்பன்!" என்று அதட்டினார் பகவதிப்பெருமாள்.

அந்த ஒரு வார்த்தையில் இருந்த மிரட்டல் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. வேலப்பன் ஒரு கணம் வாயை மூடினார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன் கொலைகாரன் என்று சட்டையைப் பிடித்து உலுக்கப்பட்டவர் அவர். நிர்வாகி பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிரத் தடுக்கவில்லை.

"நிர்வாகி சார்தான். டைரக்டரோட மச்சினன் ஒரு நாள் கவுன்டர்ல பத்து நிமிஷம் நிற்க வேண்டி வந்தது. கார்டு உபயோகத்தில் இருந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு அந்தத் தடையை எடுக்கச் சொன்னார். இது ஆபத்துன்னு அவங்க சொன்னாங்க. நான் கேட்டுட்டு நின்னேன். ராஜபாயும் எழுதிக் கொடுத்தா. ரெண்டு தடவை அவ எழுதினது காணாமப் போச்சுன்னு. ஜூலையில."

"பொய். அப்படி எந்தக் கடிதமும் இல்லை" என்றார் பகவதிப்பெருமாள்.

"கடிதம் இருக்காது" என்றாள் பொன்னம்மை. வேலப்பனின் மேஜை மேல் இருந்த நீள நோட்டை அவள் ஏற்கெனவே திறந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குள் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் எண் போட்டுப் பதியும் இன்வர்டு ரிஜிஸ்டர். "ஜூலை பதினொண்ணு. எண் 412. அனுப்பியவர் ராஜபாய், ரெக்கார்ட் பிரிவு. விஷயம்: ஒரே கார்டை இருவர் திறப்பதால் பதிவுகள் அழிவது குறித்து. பெற்றுக்கொண்டவர், பி.பி. யார் அண்ணாச்சி இந்த பி.பி.? எனக்கு ரத்தக்கொதிப்புன்னுதான் தெரியும்."

பகவதிப்பெருமாள் ரிஜிஸ்டரைப் பிடுங்கப் பாய்ந்தார். பெஞ்சிலிருந்து எழுந்த தாசையன் அவருக்கும் ரிஜிஸ்டருக்கும் நடுவில் வந்து நின்றார். கை ஓங்கவில்லை. கத்தவில்லை. சும்மா நின்றார். நிர்வாகி இரண்டடி பின்வாங்கினார்.

"ரெண்டு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்" என்றார் தாணு. "ராஜையன் செத்த அன்னைக்கே என்ன நடந்திருக்கும்னும் தெரியும். எச்சரிச்ச பெண்ணையே போலீஸுக்குக் காட்டிக் கொடுத்தீங்க. அவ பேசினா யாரும் நம்பாத மாதிரி ஆகணும், இல்லையா?"

"வக்கீல் மூலமாப் பேசிக்கலாம்" என்றார் பகவதிப்பெருமாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

* * *

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்கள். சுவரோரப் பெஞ்சில் ராஜபாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். தாசையனைப் பார்த்ததும் ராஜபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எஸ்.ஐ. எக்ஸ்ரே சீட்டையும் ரிஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். தாணு சொன்னதைக் கேட்டுக்கொண்டே தாசையனின் புதிய வாக்குமூலத்தைத் தாமே எழுதினார். தடையை எடுக்கச் சொன்னது நிர்வாகி. எச்சரிக்கைக் கடிதம் வந்தும் கண்டுகொள்ளவில்லை. ராஜபாய் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

எழுதிவிட்டுத் தாளை நீட்டினார். "ஒப்பு போடும்."

தாசையன் பேனாவை வாங்கினார். தாளை முழுக்கப் படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒண்ணு இல்லை. கார்டு ஏன் அவ்வளவு நேரம் திறந்து கிடந்ததுன்னு எழுதலையே."

எஸ்.ஐ. தாணுவைப் பார்த்தார். 

"நான் சண்டை போட்டேன்னு எழுதும். முப்பத்தஞ்சு நிமிசம். தம்பி வேண்டாம்னு சொல்லியும் விடலைன்னு எழுதும்."

"அது உமக்கு எதிராப் போகும்."

"போகட்டும். எழுதும்."

எழுதினார். தாசையன் கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று.

ராஜபாய் எழுந்தாள். "நான் போகலாமா?" என்று எஸ்.ஐ.யிடம் கேட்டாள். அவர் தலையசைத்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். தாசையன் பின்னாலேயே ஓடினார்.

"மோளே, நான் உன்கிட்ட..."

அவள் படியில் நின்றாள். திரும்பினாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். முந்தாநாள் எங்க தெருவில வந்து நின்னு என்னைக் கொலைகாரின்னு சொன்னீங்க. எங்க அம்மை அதுக்கப்புறம் வெளிய போகலை. நாளைக் காலையில அங்க வந்து சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன அதே சத்தத்துல சொல்லணும்."

அவள் போய்விட்டாள்.

தாசையன் வருவாரா மாட்டாரா என்று தாணுவுக்கும் பொன்னம்மைக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. வரமாட்டார் என்றாள் பொன்னம்மை. நேரில் பார்த்துவிடுவது என்று மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் கரமனையில் அந்தத் தெருமுனையில் நின்றார்கள்.

ஏழேகாலுக்குத் தாசையன் நடந்து வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை கொண்டுவரவில்லை. தெரு நடுவில் நின்றார். பால் வாங்கப் போனவர்களும், பைப்படியில் குடத்தோடு நின்றவர்களும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஜன்னல்கள் திறந்தன. ராஜபாய் வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் தாய்.

"ராஜபாய் தப்பு செய்யலை" என்றார் தாசையன். "எனக்கத் தம்பி சொன்னதை அவ ஒழுங்கா எழுதினா. நான் ஆஸ்பத்திரியில போட்ட சண்டையில அது அழிஞ்சு போச்சு. அவளைக் கொலைகாரின்னு சொன்னது என் தப்பு."

கடைசி வாக்கியத்தில் குரல் கம்மிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, முடிந்தது என்பதுபோல் ராஜபாயைப் பார்த்தார்.

அவள் தெருவின் மேல்கோடியைக் கையால் காட்டினாள். அங்கேயும் நாலைந்து வீடுகள் இருந்தன. கதவுகள் மூடியிருந்தன.

"அங்க கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லுங்க."

தாசையன் அந்தப் பக்கம் நடந்து போனார். நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.